எக்ஸ்-ரே அறைக்குள் போகுமுன் கதவைப் பாருங்கள்!

'ஒரு எக்ஸ்-ரே எடுத்துட்டு வந்துடுங்க' என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்காத வீடு காஞ்சிபுரத்தில் உண்டா? சந்தேகம்தான். குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பொழுதெல்லாம் நெய்கிறவர்களுக்கு இடுப்பு வலியும் கழுத்து வலியும் கூடப் பிறந்தவை மாதிரி. சைக்கிளிலிருந்து விழுந்த பையனுக்குக் கை, விடாமல் இருமும் தாத்தாவுக்கு மார்பு, அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று ஃபிலிம் வீட்டில் சேர்ந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் நம் ஜனங்கள் இரண்டு கட்சி. 'எக்ஸ்-ரே எடுத்தாலே கேன்சர் வந்துடும்' என்று பயந்து, அவசியமானதைக்கூடத் தள்ளிப் போடுகிறவர்கள் ஒரு கட்சி. 'வெறும் வெளிச்சம்தானே, என்ன ஆகிடப் போகுது? எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடுங்க' என்று தாங்களே கேட்டு வாங்கிக் கொள்கிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு பேருமே தப்பு. கதிர்வீச்சு நெருப்பு மாதிரி. அடுப்புக்குள் இருந்தால் சமையல். கூரைக்குப் போனால் ஆபத்து. அதை அடுப்புக்குள் வைத்திருக்கத்தான் அரசாங்கம் விதிகள் போட்டிருக்கிறது. அவை என்ன என்று தெரிந்து கொண்டால் பயமும் போகும், அலட்சியமும் போகும்.

எதில் கதிர், எதில் இல்லை?

எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன், மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம், பல் எக்ஸ்-ரே... இவை எல்லாமே எக்ஸ் கதிரால் எடுக்கப்படுபவை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் ஒலி அலையால் எடுப்பது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் காந்தமும் ரேடியோ அலையும்தான் வேலை செய்கின்றன. இந்த இரண்டிலும் எக்ஸ் கதிர் கிடையாது. 'அப்படியானால் அல்ட்ரா சவுண்ட் சென்டரை ஏன் அரசாங்கத்தில் பதிவு பண்ணச் சொல்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். அது 1994-ல் வந்த வேறு சட்டம். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுப்பதற்காக வந்தது. கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு வித்தியாசம் மிக முக்கியம். எக்ஸ்-ரே மெஷின் மின்சாரத்தில் ஓடுவது. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். அறையிலோ உங்கள் உடம்பிலோ மிச்சம் எதுவும் தங்காது. ஆனால் கோபால்ட்-60 போன்ற கதிரியக்கப் பொருளுக்கு சுவிட்ச் கிடையாது. ராத்திரி, பகல், லீவு நாள் எதுவும் அதற்குத் தெரியாது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 5 வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் மெஷினுக்கு ஒரு மாதிரி விதி, இதற்கு அதைவிடக் கடுமையான விதி.

அளவு எவ்வளவு?

கதிரை 'மில்லி சீவர்ட்' என்ற கணக்கில் அளக்கிறார்கள். மண், கல், காற்று, ஆகாயம் என்று இயற்கையிலிருந்தே நமக்குக் கதிர் வந்து கொண்டிருக்கிறது. உலக சராசரி வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லி சீவர்ட். தோரியம் கலந்த மணல் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் அதிகம்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். மார்பு எக்ஸ்-ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. இடுப்பு எலும்பு எக்ஸ்-ரே சுமார் 1.5. வயிற்று சி.டி. ஸ்கேன் சுமார் 8 முதல் 10. அதாவது, ஒரு வயிற்று சி.டி. பல டஜன் மார்பு எக்ஸ்-ரேக்களுக்குச் சமம்! அவசியமானால் எடுத்துத்தான் ஆக வேண்டும். உயிரைக் காப்பாற்றுவதே அதுவாக இருக்கலாம். ஆனால் 'சும்மா பார்த்துடலாமே' என்று எடுக்கிற சமாச்சாரம் இல்லை அது.

மருத்துவத்துக்காக அல்லாமல், பிறர் செய்யும் கதிர் வேலையால் பொதுமக்களுக்கு வரக்கூடிய கதிர் வருஷத்துக்கு 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. எக்ஸ்-ரே அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஐந்து வருஷ சராசரியாக 20; எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. நோயாளிக்கு மட்டும் இப்படி உச்ச வரம்பு கிடையாது. ஏனென்றால் தேவை ஆளுக்கு ஆள் மாறும். 'இது அவசியம்தானா, குறைந்த கதிரில் முடியுமா' என்று டாக்டர் யோசிப்பதுதான் நோயாளிக்கு வேலி. அந்த வேலியைக் கட்டிக் கொள்வதில் நமக்கும் பங்கு உண்டு.

கண்காணிப்பது யார்?

1983 நவம்பர் 15-ந் தேதி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. தலைமையகம் மும்பை. தென் மாநிலங்களுக்கான மண்டல மையம் சென்னையில் உண்டு. 'அணுசக்தி' என்ற பெயரைப் பார்த்து, கல்பாக்கம் மாதிரி அணுமின் நிலையங்களை மட்டும் கவனிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் தெருமுனைப் பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டி எக்ஸ்-ரே மெஷினும் இதன் கண்காணிப்பில்தான் வருகிறது.

வாரியம் என்ன கேட்கிறது? மெஷின் அங்கீகரிக்கப்பட்ட மாடலாக இருக்க வேண்டும். நிலையம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். சாதாரண எக்ஸ்-ரே அறையில் கதிர் நேராக விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல் கனம், மற்றச் சுவர்கள் 23 சென்டிமீட்டர். கதவும் சும்மா மரக்கதவாக இருந்தால் போதாது, 1.7 மில்லிமீட்டர் காரீயத் தகட்டுக்கு ஈடான தடுப்பு வேண்டும். வாசலில் எச்சரிக்கைப் பலகையும் சிவப்பு விளக்கும் வேண்டும். பயிற்சி பெற்றவர்தான் மெஷினை இயக்க வேண்டும். அவர் சட்டையில் சின்னதாக ஒரு வில்லை குத்தியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அவர் உடம்பில் பட்ட கதிரை அது கணக்கு வைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனைச் சாலைக்குப் போய்வரும்.

ஜரிகைக்கும் கதிர்!

பட்டுச் சேலை ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று நூலை அறுக்காமலே சொல்லும் கருவி இருக்கிறதே, அதுவும், நகைக்கடையில் காரட் பார்க்கும் கருவியும் எக்ஸ் கதிரால்தான் இயங்குகின்றன. கதிர் சின்ன அறைக்குள் அடைபட்டிருப்பதால் சேலை வாங்க வந்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இயக்குவது, பூட்டைச் சரிக்கட்டுவது எல்லாம் கூடாத வேலை. அங்கே தினமும் உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள் கவனிக்க வேண்டும்.

காரப்பேட்டையில் அண்ணா நினைவாக அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனையை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் எந்த மருத்துவமனையிலும் கதிர் அளவைக் கணக்கிட மருத்துவ இயற்பியலாளரும், பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அதிகாரியும் இருக்க வேண்டும் என்பது விதி. வெளியிலிருந்து கதிர் செலுத்திச் சிகிச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடமிருந்து மற்றவர்களுக்குக் கதிர் 'தொற்றாது'. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது பாவம்! (உடம்புக்குள் கதிரியக்க மருந்து கொடுக்கும் சிகிச்சை வேறு, அதற்கு டாக்டர் சொல்கிற நாள் வரை மட்டும் ஜாக்கிரதை தேவை.)

விதி தூங்கினால்?

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? மருத்துவ எக்ஸ்-ரேயைக் கண்காணிக்க மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் மத்திய தணிக்கை அதிகாரி பார்த்தபோது கேரளத்திலும் மிசோரமிலும் மட்டுமே அது அமைந்திருந்தது. அதைவிட அதிர்ச்சி: நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 5,270 மட்டுமே பதிவானவை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று பதிவே இல்லாதவை! அதன் பிறகு உரிமம் வழங்குவது கம்ப்யூட்டர் வழியாக மாறி, பதிவுகள் கூடின. ஆனாலும் கேட்டுத் தெரிந்து கொள்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

கதிரியக்கப் பொருள் கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி மாயாபுரி சாட்சி. டெல்லி பல்கலைக்கழகத்தில் பல வருஷம் சும்மா கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை 2010 பிப்ரவரியில் பழைய சாமான் என்று ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புக் கடைக்காரர்கள் அதைப் பிரித்தார்கள். பளபளவென்று இருந்த துண்டு ஒன்றை ஒருவர் பர்ஸில்கூட வைத்துக் கொண்டார். தோல் கருத்தது, முடி கொட்டியது, வாந்தி வந்தது. ஏப்ரலில்தான் காரணம் தெரிந்தது. பாதிக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர் இறந்தே போனார். ஏலம் விட்டவர்கள் படித்தவர்கள். உயிரை விட்டது பழைய இரும்பைப் பிரித்துப் பிழைத்தவர். பிரேசில் நாட்டின் கொயானியா நகரில் 1987-ல் இதே மாதிரி கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியைப் பிரித்து நாலு பேர் இறந்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

* 'இந்த எக்ஸ்-ரே எதுக்கு டாக்டர்? அல்ட்ரா சவுண்டில் தெரியாதா?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

* பழைய ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே கவரில் வையுங்கள். டாக்டர் மாறினால் கையோடு கொண்டு போங்கள். மறுபடி எடுப்பது பாதி தடவை மிச்சமாகும்.

* கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ எக்ஸ்-ரே எடுக்குமுன் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். வெட்கம் வேண்டாம். தெரியாமல் எடுத்துவிட்டீர்களா? பதறிப் போய்க் கருவைக் கலைக்க நினைக்காதீர்கள். சாதாரண எக்ஸ்-ரேயில் அந்த அவசியம் வராது. டாக்டரிடம் பேசுங்கள்.

* குழந்தையைப் பிடித்துக் கொள்ள ஆள் வேண்டுமென்றால் கர்ப்பிணி போகக் கூடாது. பிடிப்பவர் காரீய ஏப்ரன் கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்ளுங்கள். மற்றவர்கள் கதவுக்கு வெளியே.

* எக்ஸ்-ரே எடுக்கும்போது கதவு திறந்தே கிடக்கிறதா? 'கொஞ்சம் மூடுங்க சார்' என்று சொல்லுங்கள். உரிமம் இருக்கிறதா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

* மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி மாதிரி அடையாளம் போட்ட கனமான உலோகப் பெட்டி பழைய சாமானில் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், பிரிக்காதீர்கள். தள்ளி நின்று போலீஸுக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் பழைய இரும்புக்காரரிடமும் இந்த அடையாளத்தைச் சொல்லி வையுங்கள். மாயாபுரியில் அவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

அடுத்த தடவை ஸ்கேன் சென்டர் பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும்போது சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்தைக் கும்பிடுங்கள். பக்கத்தில் உரிமச் சான்றிதழும் மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!