திண்டிவனம் தாண்டினால் விண்வெளி

நெய்வேலியிலிருந்து சென்னைக்குப் போகும் சாலையை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால், திண்டிவனம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் விண்வெளி வந்துவிடும். 100 கி.மீ. உயரத்தைத்தான் எல்லையாகப் பலரும் ஏற்கிறார்கள். காசு கொடுத்து அந்த உயரத்தை ஒட்டிப் போய்வந்த நியூ ஷெப்பர்ட், ஸ்பேஸ்ஷிப்டூ ஆகிய ஊர்திகளைப் பற்றி நம் டவுன்ஷிப் டீக்கடைகளில் ஷிப்ட் முடிந்ததும் நடக்கும் பேச்சிலிருந்து ஐந்து நம்பிக்கைகள் இதோ.

நம்பிக்கை 1: அங்கே ஈர்ப்பு விசை இல்லை; அதனால்தான் மிதக்கிறார்கள்.

உண்மை: 100 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு சுமார் 3 சதவீதம்தான் குறைகிறது. எஞ்சின் அணைந்தபின் ஊர்தியும் ஆளும் சேர்ந்தே விழுகிறார்கள். இருக்கை தாங்காததால் எடை தெரிவதில்லை. அந்தச் சுகம் மூன்று, நான்கு நிமிடம்தான். அந்த நிமிடங்களுக்காகவே நியூ ஷெப்பர்ட் கலத்தில் ஆளுக்கொரு பெரிய ஜன்னல்.

நம்பிக்கை 2: திரும்பும்போது நெருப்புக் கோளமாகிவிடும், கனத்த வெப்பக் கவசம் வேண்டும்.

உண்மை: பூமியைச் சுற்றிவரும் கலத்தின் வேகம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. நேரே ஏறி நேரே இறங்கும் நியூ ஷெப்பர்டுக்கு 3,500 அளவுதான். வேகம் எட்டு மடங்கு என்றால், தணிக்க வேண்டிய ஆற்றல் கிலோவுக்கு 64 மடங்கு. எனவே பூமியைச் சுற்றப்போகும் ககன்யானுக்குக் கவசம் கட்டாயம். ஸ்பேஸ்ஷிப்டூவோ வாலை மேலே மடக்கிக்கொண்டு இறகுப்பந்து போல இறங்கியது.

நம்பிக்கை 3: ஸ்பேஸ்ஷிப்டூவில் எரிந்தது ரப்பர் வகைதானே, வெடிக்காது.

உண்மை: ரப்பர் தானாக எரியாது, நைட்ரஸ் ஆக்சைடு பாய வேண்டும். வால்வை மூடினால் தீ அடங்கும். பற்றவைத்தபின் நிறுத்த முடியாத திட எரிபொருள் ராக்கெட்டைவிட இது மேல். ஆனால் 2007இல் அமெரிக்காவின் மொஹாவியில் நைட்ரஸ் ஆக்சைடைப் பாய்ச்சிப் பார்த்த சோதனையிலேயே வெடித்து மூவர் இறந்தார்கள். அப்போது ரப்பர் எரியவே இல்லை.

நம்பிக்கை 4: கைதேர்ந்த விமானி இருந்தால் போதும்.

உண்மை: 2014 அக்டோபர் 31 அன்று ஸ்பேஸ்ஷிப்டூவின் துணை விமானி வால் பூட்டைச் சில விநாடி முன்னதாகத் திறந்தார். காற்றின் வேகத்தில் வால் தானே மடங்கி, ஊர்தி சிதறியது; அவர் உயிரிழந்தார். ஒருவரின் ஒரே தவறு ஊர்தியையே அழிக்கக்கூடும் என்பதை வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்றது விசாரணை. பிறகு, நேரத்துக்கு முன் திறக்கவிடாத தடுப்பு சேர்த்தார்கள். நியூ ஷெப்பர்டில் விமானியே கிடையாது.

நம்பிக்கை 5: பாராசூட் ஒன்று விரியாவிட்டால் கதை முடிந்தது.

உண்மை: 2024 மே 19 அன்று ஆந்திராவில் பிறந்த கோபி தோட்டகூரா போய்வந்த நியூ ஷெப்பர்டில் மூன்று பாராசூட்டுகளில் ஒன்று முழுதாக விரியவில்லை. ஆறு பேரும் பத்திரமாக இறங்கினார்கள். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் இந்த ஏற்பாடு நம் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைக்காவிட்டால், அடித்தளத்தைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். ஒரே பம்பை நம்பி யாரும் அங்கே மண் வெட்டுவதில்லை.