பலகாரத்தைப் பன்னிரண்டு நாளும் கொடுக்கலாம்

கேள்வி: நான் கீழ் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். டிசம்பர் பிறந்தாலே படபடப்பு வந்துவிடுகிறது. தீபாவளிக்கு வந்த போனஸ் செலவாகிவிட்டது. குளிரில் இலையும் குறைவு. பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, புதுத்துணி, லைன் முழுக்கக் கொடுக்கப் பலகாரம், கேரல் ரவுண்டு வருகிறவர்களுக்கு உபசரிப்பு. போன வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். இயேசு பிறந்த நாளில் அவரையே நினைக்க முடியவில்லையே, இது பாவமா?
— ஒரு சகோதரி, கீழ் கோத்தகிரி

பதில்: பாவமில்லை. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். விடிய விடிய அடுப்படியில் நின்றவர் அதிகாலை ஆராதனையில் கண்ணயர்ந்தால், ஆண்டவர் அதைக் குற்றமாகப் பிடிக்கமாட்டார்.

ஆனால் இத்தனை வேலையும் 24ஆம் தேதிக்குள் முடிய வேண்டும் என்று யார் சொன்னது? திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. நவம்பர் 30ஐ ஒட்டிவரும் ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர்ஸ் நகரப் பேராயராக இருந்த பெர்பெத்துவுஸ், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் உபவாசம் இருக்கச் சொன்னார். அதே தூர்ஸில் 567இல் கூடிய சங்கம், கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரையுள்ள நாட்களைப் பண்டிகைக் காலமாக வைத்தது. முன்னோர்கள் அடக்கமாகக் காத்திருந்து, பிறகு பன்னிரண்டு நாள் கொண்டாடினார்கள். நாமோ டிசம்பர் முழுக்க ஓடியாடி, 26ஆம் தேதி படுத்துவிடுகிறோம்.

ஆகவே பாதி வேலையை 25க்குப் பின்னால் தள்ளுங்கள். முறுக்கும் அதிரசமும் லைன் வீடுகளுக்கு 28ஆம் தேதி போனால் என்ன? ஜனவரி 6க்குள் போய்ச் சேர்ந்தாலே அது கிறிஸ்துமஸ் பலகாரம்தான். அப்போது பிள்ளைகளுக்கும் லீவு, கைவேலைக்கு உதவுவார்கள். வெள்ளையடிப்பை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். புதுத்துணிக்காக வட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். டிசம்பரில் வாங்கிய கடன் அடுத்த தீபாவளி போனஸையும் விழுங்கிவிடும். அந்தக் கவலையோடு ஜெபத்தில் மனசு எப்படி நிற்கும்?

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசுவை வீட்டில் உபசரிக்கும் மார்த்தாளை வைத்துப் பெண்களைக் கண்டிக்கிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயேசு அவளைச் சமைக்காதே என்று சொல்லவில்லை. பலதைப் போட்டு மனசை அலைக்கழித்துக்கொண்டதைத்தான் அன்போடு எடுத்துச் சொன்னார். தன்னைத் தனியாக வேலை செய்ய விட்டுவிட்டார்கள் என்ற அவளுடைய வருத்தமும் அந்த வீட்டில் உண்மையாக இருந்தது. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அத்தனை வேலையை எழுதிய நீங்கள், வீட்டுக்காரர் எதைச் செய்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. டிசம்பர் முதல் வாரத்திலேயே அவரோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து யார் எதைச் செய்வது என்று பேசி முடிவெடுங்கள்.

தியானத்துக்கு ஒரு சின்ன வழி. லூக்கா முதல் இரண்டு அதிகாரங்களில் 132 வசனங்கள் இருக்கின்றன. டிசம்பர் 1 முதல் 24 வரை தினமும் ஐந்தாறு வசனம் வாசித்தால் முடிந்துவிடும். காலையில் வெந்நீர் காய்கிற நேரம் போதும். வாய்விட்டு வாசியுங்கள், பிள்ளைகள் காதிலும் விழட்டும். குடிமதிப்பு எழுத ஊரே அலைந்த நாளில், தங்க இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தில் இரட்சகர் பிறந்தார் என்று அங்கே வாசிப்பீர்கள். அமைதியான வீடு அவருக்கும் கிடைக்கவில்லை. அடுப்படியில் நிற்கிற உங்களிடம் வர அவர் தயங்கமாட்டார்.

பண்டிகை முடிந்து ஜனவரி பாதி ஆன பிறகும் படபடப்பும் தூக்கமின்மையும் விடாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

கேரல் ரவுண்டு போகும் வாலிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்கு ஒரு டம்ளர் டீ போதும் என்று முந்தின ஞாயிறே சபையில் அறிவித்துவிடுங்கள்.