மட்டாஞ்சேரி கற்பிக்கும் புவியியல்

குடிமைப் பணித் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாகக் கொள்வோர்க்கு முதல் தாள் இரு பகுதிகளாக அமைகிறது. ஒன்று இயற்கைப் புவியியல். மற்றொன்று மானிடப் புவியியல். நம்மில் பலர் இவற்றை இரண்டு குறிப்பேடுகளில் எழுதி, வெவ்வேறு மாதங்களில் படித்து முடிக்கிறோம். தேர்வோ, "ஒரு நகரம் ஏன் அங்கே வளர்ந்தது?" என்று கேட்கிறது. ஒற்றைக் குறிப்பேட்டில் அதற்கு விடை இராது. ஒவ்வொரு முயற்சியும் இளமையில் ஓராண்டையும் குடும்பத்தின் சேமிப்பில் ஒரு பகுதியையும் கேட்பதால், இரண்டையும் இணைத்துப் படிக்கும் முறையை அறிவது நலம். கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் இயற்கை. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. இதுவே மலைத்தடுப்பு மழை. இந்த ஈரச் சரிவுகளில் மிளகும் ஏலமும் விளைகின்றன. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் வண்டலைக் கொணர, கடலலைகள் மணலைக் கரையோரம் திட்டுகளாகச் சேர்க்கின்றன. அத்திட்டுகளுக்குப் பின்னே அமைதியான வேம்பநாட்டுக் காயல் விரிகிறது. மட்டாஞ்சேரி கடலை நோக்கி நிற்கவில்லை. காயலை நோக்கியே நிற்கிறது.

அடுத்து மனிதர். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் அகன்றது என்பது மரபாகக் கூறப்படும் விளக்கம். விடைத்தாளில் இதனை, "எனக் கருதப்படுகிறது" என்று எழுதுவதே முறை. வணிகம் தெற்கே நகர்ந்தது. மலைப் பொருள்கள் நீர்வழியே படகுகளில் வந்தன. 1500இல் போர்த்துகீசியரும் 1663இல் டச்சுக்காரரும் இம்மிளகை நாடியே வந்தனர். 1568இல் எழுந்த யூதர் வழிபாட்டிடம் இன்றும் மட்டாஞ்சேரியில் உள்ளது. கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் எனப் பலரும் இப்பகுதியில் குடியேறினர். மழையில் தொடங்கிய காரணத் தொடர் மக்கள்தொகையின் பன்மையில் வந்து சேர்வதைக் காண்கிறோம்.

இங்கே நின்றுவிட்டால் விடை பாதியே. காயலைக் காத்த மணல் திட்டே பெருங்கப்பல்களுக்குத் தடையாகவும் இருந்தது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்குகளைப் படகுகளே கரை சேர்த்தன. 1920இல் பொறுப்பேற்ற பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அத்தடையை அகழ்ந்து கால்வாய் அமைத்தார். அகழ்ந்த மண்ணால் வெலிங்டன் தீவு உருவாயிற்று. 1928இல் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. துறைமுகப் பணி தீவுக்கு நகர நகர, எதிர்க்கரையிலிருந்த மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் முதன்மை குறைந்தது. 2011இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கியபோது மையம் மீண்டும் இடம் மாறியது.

முதல் மாற்றத்தைச் செய்தது ஆறு. அடுத்தவற்றைச் செய்தவர் மனிதர். சூழலின் ஆதிக்கத்தை வலியுறுத்திய ராட்செலையும், சூழல் வாய்ப்புகளையே தருகிறது, தேர்வு மனிதனுடையது என்ற விடால் டி லா பிளாஷையும் ஒப்பிடச் சொல்லும் வினாவுக்கு, வரையறைகளைவிட இச்சான்று வலிமையானது.

இம்முறையை நம் ஊருக்கும் பொருத்தலாம். தூத்துக்குடி, திருப்பூர், உதகை என ஏதேனும் ஓர் ஊருக்கு ஒரு தாளை ஒதுக்குவோம். நடுவில் வரைபடம் வரைந்து நான்கு வினாக்களுக்கு விடை எழுதுவோம்: நிலம் எவ்வாறு உருவானது? நீரும் காற்றும் என்ன தருகின்றன? மக்கள் எதனை நாடி வந்தனர்? எது, எப்போது மாறியது? பின்னர் அதனையே 150 சொற்களில் சுருக்குவோம். முதன்மைத் தேர்வின் 10 மதிப்பெண் வினாவுக்கு அதுவே அளவு. வாரம் ஓர் ஊர் எனப் பயின்றால், ஓராண்டில் ஐம்பது ஊர்கள் நம் கைவசமாகும்.