யார் வரவில்லை?

போன கூட்டத்தில் நாலைந்து பேர் கேட்டீர்கள்: "அண்ணே, உடற்பயிற்சித் திட்டத்துக்கு நிதி கேட்டு எப்படி எழுதுறது?" படிவம் நிரப்புவது பெரிய வித்தை இல்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நான் முதல் தடவை அதில்தான் கோட்டை விட்டேன். அதனால் அதையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

முதலில் பணத்தின் அளவு. தேசிய இளையர் மன்றத்தின் யங் சேஞ்ச்மேக்கர்ஸ் நிதி 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களுக்கானது. ஒரு திட்டத்துக்கு 5,000 வெள்ளி வரை கொடுத்து வந்திருக்கிறது. 2016-ல் தொடங்கிய நம் சிங்கப்பூர் நிதியோ ஏற்கத்தக்க செலவில் 80 விழுக்காடு வரை, 20,000 வெள்ளிக்கு மேற்படாமல் கொடுத்தது. பெயரும் விதியும் மாறும், எழுதும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தில் மைதானம் கட்ட முடியாது. யாரோ சிலர் வராமல் இருப்பதற்கான ஒரு தடையை வேண்டுமானால் எடுத்துவிடலாம்.

எங்கள் முதல் விண்ணப்பம் ஃபுட்சல் போட்டிக்கு. ஜெர்சி, கோப்பை, பேனர், சாப்பாடு, திடல் வாடகை என்று 2,800 வெள்ளி கேட்டிருந்தோம். நேர்காணலில் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "இந்த நாற்பது பேரும் இப்போது விளையாடாதவர்களா?" எல்லாரும் சனிக்கிழமை தவறாமல் விளையாடுகிறவர்கள்தான். எங்களிடம் பதில் இல்லை. நிதியும் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை.

வீட்டுக்கு வந்தால் அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எட்டு வருடமாக இனிப்பு நீர். பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் "நடங்க" என்பார்கள். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அம்மாவைக் கேட்டால், "அதெல்லாம் நமக்குச் சரிப்படாதுப்பா" என்பார். ஆனால் தைப்பூசத்துக்கு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை வெறுங்காலோடு பால்குடம் எடுக்கிறவரும் இதே அம்மாதான்! கால் வலிக்கிறது, சரி. ஆனால் கால் மட்டும் காரணமில்லை.

பணமும் காரணமில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் பூங்காக்களிலும் பேட்டைகளிலும் இலவச உடற்பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஒன்று இருந்தது. அம்மா ஒரு தடவை போயிருக்கிறார், எனக்கே தெரியாது. "பாட்டு வேகமா போச்சு, அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல என்ன சொல்லுதுன்னு புரியல, பஞ்சாபி சூட்ல நான் மட்டும்தான். மேல கோரிடோர்ல இருந்து எல்லாரும் பார்க்குறாங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் அம்மாக்களிடம் போய் உட்கார்ந்தோம். பதினான்கு பேர். இங்கேயும் ஒரு தப்பு செய்தோம். "என்ன உடற்பயிற்சி பிடிக்கும் ஆன்ட்டி?" என்று கேட்டோம். எல்லாரும் "நடக்குறதுதான் தம்பி" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு கேள்வியை மாற்றினோம்: "கடைசியா எதுல சேர்ந்து, ஏன் விட்டீங்க?" அப்போதுதான் வாய் திறந்தார்கள். பேரப்பிள்ளையை யாரிடம் விடுவது? ஆண்கள் பார்க்கிற இடத்தில் கைகால் ஆட்ட வெட்கம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. செவ்வாய், வெள்ளி விரதம். ஒருவருக்குத் துப்புரவு வேலை, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது விண்ணப்பம் இந்தப் பதில்களிலிருந்தே வந்தது. சனிக்கிழமை காலை, கதவு மூடக்கூடிய ஓர் அறை, தமிழ் பேசும் பெண் பயிற்றுநர், நாற்காலியில் அமர்ந்தே செய்யும் பயிற்சி, பன்னிரண்டு வாரம். பயிற்றுநருக்கு 960 வெள்ளி, அறைக்கு 240, தண்ணீர் முதலுதவிக்கு 120, பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மாணவிகளுக்கு 480. மொத்தம் 1,800. "உடற்பயிற்சி நிதியில பிள்ளை பார்க்குற செலவா? சிரிப்பாங்க" என்று எங்கள் செயலாளரே சொன்னார். பதினான்கு பேரில் ஆறு பேர் பேரப்பிள்ளையைப் பார்ப்பதால் வர முடியவில்லை என்று ஒரே வாக்கியம் எழுதினோம். யாரும் சிரிக்கவில்லை. டி-சட்டைக்கு ஒரு காசும் கேட்கவில்லை. அதில் எங்கள் பையன்களுக்குத்தான் வருத்தம்.

பாதுகாப்பை அலட்சியமாக எடுக்காதீர்கள். பயிற்சிக்கு முன் கேட்கும் ஏழு கேள்விகள் கொண்ட பார்-கியூ என்ற உடல்நலப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி நிரப்பினோம். இரண்டு பேரை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னோம். இனிப்பு நீருக்கு மருந்து சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். விரத நாளைத் தவிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். பையில் எப்போதும் மிட்டாய் இருந்தது.

அறிக்கைக்கு எண்ணிக்கை கேட்பார்கள். படம் மட்டும் எடுத்து அனுப்புவது நம் கெட்ட பழக்கம். நாங்கள் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினோம். செலவே இல்லாத சோதனை. அம்மா முதல் வாரம் 8, கடைசி வாரம் 12. இன்னொன்று: எங்களுக்குப் பணத்தில் ஒரு பகுதி ரசீது கொடுத்த பிறகே வந்தது. அதுவரை பொருளாளர் கைக்காசு போட்டார். உங்கள் குழுவில் யார் போடுவார் என்று முன்னமே பேசிவிடுங்கள்.

பதினான்கு பேரில் பதினொருவர் வந்தார்கள், ஒன்பது பேர் கடைசிவரை நின்றார்கள். நிதி முடிந்ததும் வாரத்துக்கு ஆளுக்கு 10 வெள்ளி போட்டு அவர்களே பயிற்றுநரை வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை எங்கள் மாணவிகள் இப்போது தொண்டூழியமாகப் பார்க்கிறார்கள். தேர்வு மாதத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒரு நாள்கூட வர முடியவில்லை. சனிக்கிழமை காலைதான் அவருக்கு வேலை அதிகம். அடுத்த விண்ணப்பம் அவரோடு உட்கார்ந்து எழுதுவதாக இருக்கிறோம். அவருக்கு இரவு எட்டரைக்கு மேல்தான் ஓய்வு. அந்த நேரத்தில் கிடைக்கும் அறை தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பேட்டையில் இருந்தால் சொல்லுங்கள்.