களங்கம் எங்கே இருக்கிறது?

ஆங்கிலத்தில் 'ஸ்டிக்மா' என்றொரு சொல் உண்டு. அதைக் களங்கம், இழிவு, அவப்பெயர் என்றெல்லாம் தமிழில் பெயர்க்கிறோம். அதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'குத்துதல்' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த அச்சொல், முதலில் ஊசியால் குத்திய பச்சைக் குறியையே சுட்டியது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் பண்டைய கிரேக்கர்கள் அக்குறியை இட்டனர். சிலருக்கு நெற்றியிலேயே இட்டனர். அம்மனிதன் வாய்திறப்பதற்கு முன்பே அவனது நெற்றி அவனைப் பற்றித் தீர்ப்புக் கூறிவிடும்.

ஒரு சொல், பல பொருள்

அதே சொல்லைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் கையாளுகிறார். இயேசுவின் குறிகளைத் தம் உடலில் தாங்கியிருப்பதாக அவர் பெருமிதத்துடன் கூறுகிறார். அடிமையின் அடையாளம் அடியாரின் அடையாளமாகிவிட்டது! 1224-ஆம் ஆண்டு இத்தாலியின் லா வெர்னா மலையில் தவமிருந்த அசிசி பிரான்சிஸின் உடலில் இயேசுவின் ஐந்து காயங்கள் தோன்றின என்று கிறிஸ்தவ மரபு கூறுகிறது. அக்காயங்களுக்கும் அதே பெயர்தான்.

தாவரவியலிலோ, மலரில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடிக்கு இப்பெயர். அதாவது, புதிய உயிர் தோன்றுவதற்கான வாயில்.

தமிழிலும் 'மறு' என்ற சொல் இவ்வாறே அமைந்துள்ளது. நிலவின் கறையும் மறு. திருமாலின் மார்பில் விளங்கும் ஸ்ரீவத்சமும் திருமறு.

குறியும் பார்வையும்

இதிலிருந்து நாம் அறிவது என்ன? குறி உடலில் இருக்கிறது. இழிவோ காண்பவரின் மனத்தில் இருக்கிறது.

தொழுநோயையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோய் குணமாகிறது. ஆயினும், நோயாளிகளை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டும் விதிகள் 2019-இல்தான் அகன்றன. கிருமி மருந்துக்கு அடங்கிவிட்டது. மனத்தின் கறை அத்தனை எளிதில் அடங்கவில்லை.

சேவாகிராமத்தில் தொழுநோயுற்றிருந்த வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரியை மகாத்மா காந்தி ஏற்றுக்கொண்டு, தம் கைகளாலேயே அவருக்குப் பணிவிடை செய்தார். பிறர் புண்ணைக் கண்ட இடத்தில் அவர் மனிதரைக் கண்டார்.

வேதாந்தத்தின் விடை

எங்கும் பரவியுள்ள ஆகாயம் எதனாலும் மாசுபடாததைப் போல, உடலில் உறையும் ஆன்மாவும் மாசுபடுவதில்லை என்று கீதையின் 13-ஆம் அத்தியாயம் போதிக்கிறது. மனிதனைப் பாவி என்று அழைப்பதே பாவம் என்று சுவாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோவில் முழங்கியதும் இவ்வுண்மையின் அடிப்படையில்தான். குறி தோலோடு நின்றுவிடுகிறது. ஆன்மாவை எந்த ஊசியும் தொடுவதில்லை.

ஆகவே சாதகன் நாள்தோறும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இன்று நான் யாருடைய நெற்றியில் குறியிட்டேன்?' நோயுற்றவர், சிறையிலிருந்து மீண்டவர், மனநலம் குன்றியவர், தேர்வில் தோற்ற நம் வீட்டுப் பிள்ளை என அப்பட்டியல் நீளக்கூடும். அவர்களுள் ஒருவரிடமேனும் சென்று, பெயர் சொல்லி அழைத்து, அருகில் அமர்வோம். நாம் இட்ட குறியை நாமே அழிப்பதும் இறைவழிபாடே.