உடலின் அமைப்பும் தொழிலும்: எங்கடின் மலையில் ஒரு பாடம்



யாழ்ப்பாணத்திலிருந்து எம்மைப் பார்க்க வரும் அப்பம்மா, சென்ட் மொரிட்ஸ் புகையிரத நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏறும்போது இருமுறை நின்று மூச்சு வாங்குகின்றார். “வயது போய்விட்டது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கின்றார். வயது மட்டும் அதற்குக் காரணமன்று. கடல்மட்டத்தை அண்டி வாழ்ந்த உடல் ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்துக்கு வந்திருக்கின்றது. இங்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு அதே 21 வீதந்தான். ஆனால் காற்றின் அழுத்தம் யாழ்ப்பாணத்திலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைகின்றது.

இந்த மூச்சுவாங்கலை விளங்கிக்கொள்ள இரு கலைகள் வேண்டும். உடலில் எந்த உறுப்பு எங்கே, எவ்வடிவில் அமைந்துள்ளது எனக் கூறுவது உடற்கூற்றியல். அவ்வுறுப்பு எவ்வாறு தொழிற்படுகின்றது எனக் கூறுவது உடற்றொழிலியல். மணிக்கூட்டின் பின்மூடியைக் கழற்றிச் சக்கரங்களைப் பார்ப்பது முன்னையது. ஒரு சக்கரம் மற்றதை எப்படிச் சுழற்றுகின்றது என அறிவது பின்னையது. நுணுக்குக்காட்டியால் இழையங்களை ஆராயும் இழையவியலும், கருவின் வளர்ச்சியைக் கூறும் முளையவியலும் உடற்கூற்றியலின் கிளைகள்.

இனி அப்பம்மாவின் உடலுக்குள் செல்வோம். தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளில், கழுத்தின் இருமருங்கிலும், அரிசிமணியளவான இரு உணரிகள் உள்ளன. குருதியில் ஒட்சிசன் குறைந்ததை முதலில் அறிபவை இவையே. செய்தி மூளைக்குச் செல்ல, மூச்சு விரைவும் ஆழமும் அடைகின்றது. இதயம் வேகமாகத் துடிக்கின்றது. நுரையீரல்களிலுள்ள கோடிக்கணக்கான சிற்றறைகளின் மெல்லிய சுவர்களூடாக ஒட்சிசன் குருதியை அடைகின்றது. மூச்சு மிகுவதனால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேறும். அதனைச் சரிக்கட்டச் சிறுநீரகங்கள் முனைவதால் மலைக்கு வந்த முதல் நாள்களில் சிறுநீர் அதிகம் போகும். இதைக் கண்டு விருந்தினர் பயப்படுவதுண்டு, பயம் வேண்டா.

சிறுநீரகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைக் குருதியில் விடுகின்றது. அதன் கட்டளைப்படி இடுப்பு, மார்பு, முள்ளந்தண்டு முதலிய எலும்புகளின் மச்சை செங்குருதிக் கலங்களைக் கூடுதலாக ஆக்கத் தொடங்கும். இதற்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். நெடுந்தூர ஓட்டவீரர்கள் சென்ட் மொரிட்ஸில் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி செய்வது இதன்பொருட்டே. இங்கேயே வளர்ந்த எம் பிள்ளைகள் அவ்வேற்பாட்டைத் தம் உடலிலேயே கொண்டுள்ளனர். அதனாற்றான் அப்பம்மாவைத் தாண்டி ஓடுகின்றனர்!

இத்துறைகளைத் தமிழில் எழுதியது புதுமையன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பித்தார். கல்வின் கட்டர் என்பாரது ஆங்கில நூலின் தமிழாக்கத்தை அவர் 1852 இல் வெளியிட்டபோது உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலியலுக்குச் சுகரணவாதம் என்றும், சுகாதாரத்துக்கு உற்பாலனம் என்றும் பெயர் வழங்கினார். மனுஷ அங்காதிபாதம் 1872 இலும், அவர் தாய்நாடு திரும்பிய பின்னர் மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. அச்சொற்கள் இன்று வழக்கொழிந்தன. ஆயினும் வைத்தியக் கல்வி முழுவதையும் தமிழிலே நடத்தலாம் என்பதை அவரும் அவருடைய மாணவரும் செய்தே காட்டினர்.

நூற்று எழுபது ஆண்டுகளின் பின் எம்மிடையே நிகழ்வது என்ன? தாயார் வயிற்றுவலியுடன் வைத்தியரிடம் செல்கின்றார். பதினொரு வயது மகள் மொழிபெயர்க்க உடன் செல்கின்றாள். வைத்தியர் ‘நீரே’ என்கின்றார். ஜேர்மன் மொழியில் அது சிறுநீரகம். பிள்ளையோ ‘நீர்’ எனக் கருதி, “தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், அம்மா” என்கின்றாள். இது நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. அன்றைய நோய் சிறிது என்பதால் தீங்கு நேரவில்லை. அப்பிள்ளைக்கு உறுப்பைத் தெரியும், பாடசாலையில் படித்திருக்கின்றாள். அதன் தமிழ்ப்பெயரை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஈரல், மண்ணீரல், சதையி, பித்தப்பை, சிறுநீரகம் ஆகிய ஐந்தையேனும் பெற்றோர் வீட்டில் தொட்டுக்காட்டிச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். பெரியவரின் நோயைப் பிள்ளை வாயிலாகக் கூறுவது முறையன்று என்பதும் எம் கருத்து. முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும் வைத்தியசாலைகள் உண்டு.

பயிற்சி: வீட்டில் அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதுக. 2,456 மீற்றர் உயரமுள்ள முவொட்டாஸ் முராய்லுக்குக் கம்பிவடப் புகைவண்டியில் ஏறி, பத்து நிமிடம் இருந்தபின் மீண்டும் எண்ணுக. இரு எண்களும் வேறுபட்டனவா? ஏன்? விடையைத் தமிழில் எழுதி, அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருக. அப்பம்மா வந்திருந்தால் அவருடைய நாடியையும் எண்ணுக.