செங்கால் மரமும் அதன் வாழிடமும்

தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்த ஆண்டு. ஆசிரியர் மலாயில் 'செங்கால்' என்றது என் காதில் 'செங்கல்' என்றே விழுந்தது. செங்கல்லில் படகு கட்டுவார்களா என்று திகைத்தேன். அவர் சொன்னது ஒரு மரம். அதைப் பற்றித் தமிழில் படிக்க அன்று எனக்கு எதுவும் கிட்டவில்லை. அக்குறையைப் போக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

செங்காலின் அறிவியல் பெயர் நியோபலனோகார்ப்பஸ் ஹெய்மி. இப்பேரினத்தில் இது ஒன்றே இனம். தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் உள்ள தாழ்நிலக் காடுகளே இதன் இயற்கை வாழிடம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது.

இதன் கட்டை மிகக் கனமானது. காய்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் 915 முதல் 980 கிலோ வரை இருக்கும். மருந்து பூசாமலே மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தாங்கும். திரங்கானுவின் டூயோங் தீவில் மரப்படகு கட்டியவர்கள் இதையே விரும்பினர். இரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் இது பயன்பட்டது. மலாயாவின் இரயில் பாதைகளில் உழைத்த நம் முன்னோர் பலர் இக்கட்டைகளைத் தோளில் சுமந்திருப்பர்.

இனி முக்கியச் செய்திக்கு வருவோம். செங்கால் டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு 'இரு இறகுக் கனி' என்று பொருள். ஆனால் செங்காலின் கனிக்கு இறகே இல்லை! காற்றில் பறக்க இயலாததால், பெரும்பாலான கனிகள் தாய்மரத்தைச் சுற்றியே விழுகின்றன. பூக்களுக்கு மகரந்தம் கொண்டு வருபவை தேனீக்கள். காய்ப்பதோ ஆண்டுதோறும் அன்று. கன்றுகள் நிழலில் பொறுமையாகக் காத்திருந்து மெல்ல வளர்கின்றன. ஆகவே, ஒரு தாய்மரத்தை வெட்டினால் ஒரு மரம் மட்டும் போவதில்லை; அவ்விடத்தின் அடுத்த தலைமுறைக்கான விதையும் போய்விடுகிறது.

இதனால்தான் 1978இல் தொடங்கிய தேர்வுமுறைக் காட்டு நிர்வாகத்தில், மற்ற டிப்டெரோகார்ப் மரங்களை வெட்டக் குறைந்தது 50 சென்டிமீட்டர் விட்டம் போதும் என்றிருக்க, செங்காலுக்கு மட்டும் 60 என வரம்பு விதித்தனர்.

நண்பர்களே, கெப்போங் வன ஆய்வுக் கழகத்தின் காட்டுப் பூங்கா 2025இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை ஆனது. டிப்டெரோகார்ப் மரங்களுக்கென்றே அங்கு ஒரு தோட்டம் உண்டு. ஒருமுறை சென்று வாருங்கள். திரும்பி வந்து, கண்டதைத் தமிழில் எழுதுங்கள். நம் மொழியில் பேசப்படாத மரம் வீழ்ந்தால், அந்த இழப்பு நமக்குத் தெரியாமலே போய்விடும்.